தப்பிப் பிழைத்த பதினோரு கோழிகள்

நோய் பிடித்த கோழிகளின் முட்டைகள் என்று தெரிந்தே கொடுத்தேன். பதினைந்து முட்டைகள். அவற்றை அடை வைத்தவரின் கைமீது பழியைத் தூக்கிப் போட்டதும் நான்தான்!

சொல்லிவிட்டேன்... பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொண்டைக்குள் புழுத்துக் கிடந்த சொற்கள் இவை. நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். சுளியுங்கள். கண்ணாடி முன் நின்று நான் சுளித்ததில் பாதிகூட உங்களால் சுளிக்க முடியாது.

கோழிமுட்டைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றும் கேட்பீர்கள். செத்தவை கோழிகள் மட்டும் என்றால் நான் இந்தப் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டேன். கோழிகளோடு சேர்த்து ஒரு பெண்ணின் பெயரையும் கொன்றேன். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அதுதான் என்னைத் தின்கிறது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். பெயர் சுப்பையா. சேத்தூர் சாலையில் மனைவி வழியில் வந்த சிறிய மாந்தோப்பு ஒன்று எங்களுக்கு உண்டு. அங்கே நாட்டுக்கோழி வளர்த்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கம் பிராய்லர் கொட்டகைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே தீவனத்திலும் தண்ணீரிலும் மருந்துப் பொடியைக் கலக்கிக் கொடுத்து வளர்ப்பார்கள்.

எனக்கு அதைக் கண்டாலே இளக்காரம். ஷிப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், வாய் திறந்துகொள்ளும்.

"அது கோழியாடே? றெக்கை மொளச்ச மருந்துப் புட்டி! நம்ம தோப்புக்கு வந்து பாரு. ஒரு ஊசி, ஒரு மாத்திரை பட்டிருக்கான்னு சொல்லு, நான் மீசையை எடுத்துக்கிடுதேன்."

கேட்பவர்கள் சிரிப்பார்கள், நம்பவும் செய்வார்கள். பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து சாறு வைக்க என் கோழியைத்தான் தேடி வந்தார்கள். 'சுப்பண்ணன் தோப்புக் கோழியா? அப்ப பயப்படாமக் குடுக்கலாம்' என்று ஒரு பேச்சு ஊருக்குள் புழங்கியது. அந்தப் பேச்சு எனக்குச் சோற்றைவிட ருசித்தது. எவ்வளவு அற்பமான நாக்கு பாருங்கள்!

எண்பத்தாறாம் வருடம் பங்குனியில் சீக்கு வந்தது.

முதலில் ஒரு கோழி. கொண்டை வெளுத்து, இறகு சிலிர்த்து, கண்ணை மூடிக்கொண்டு வேலியோரம் நின்றது. மறுநாள் நான்கு. கழிச்சல் மஞ்சளும் பச்சையுமாகத் தரையெல்லாம் ஒட்டியது. அந்த நாற்றத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்... சோற்றுத் தட்டில் கை வைத்தால் விரலிடுக்கிலிருந்து அது எழும்பி வரும். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வலது கையால் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

என் மனைவி வேலம்மாள் சொன்னாள்: "ஏங்க, மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன? வாயில்லாச் சீவனுல்லா, பாவம்."

"ஏட்டி, டாக்டர் நம்ம தோப்புக்குள்ள காலை வச்சா ஊரு என்ன பேசும்? இம்புட்டு நாளு நான் பேசுன பேச்சுக்கு எவன் மூஞ்சில முழிக்க? பேசாமக் கெட."

நான் மஞ்சளையும் சின்ன வெங்காயத்தையும் சீரகத்தையும் அரைத்து உருண்டை பிடித்துக் கோழிகளின் தொண்டையில் திணித்தேன். நாட்டு மருந்தைப் பழிக்கவில்லை நான். என்ன நோய் என்றே தெரியாமல் திணித்தேனே, அந்தத் திமிரைச் சொல்கிறேன். அறுபதுக்கு மேல் இருந்த கோழிகள் நாளுக்கு மூன்று நான்காகச் செத்தன. மாமரத்தடியில் குழி வெட்டி வெட்டிக் கை கொப்புளித்தது.

மூன்றாம் வாரம் சாவு நின்றது. பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் மிஞ்சின. பதினோரு கோழிகள்!

இங்கேதான் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோழிச்சீக்கு வந்துபோனால், தப்பிப் பிழைத்ததைத்தான் வித்துக்கு நிறுத்துவோம். நோயைத் தாங்கிய உடம்பு, அதன் குஞ்சும் தாங்கும் என்று கணக்கு. அப்படிப்பட்ட கோழியின் முட்டைக்குப் பெண்கள் சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள். நான் மறுநாளே டீக்கடைக்குப் போனேன். செத்த ஐம்பதை விழுங்கிவிட்டு, பிழைத்த பதினொன்றைப் பற்றி மட்டும் முழங்கினேன்.

"மருந்து மாயம் இல்லாம எமனையே வெரட்டிட்டு நிக்கிடே பதினோரு உருப்படி! வித்துன்னா அது வித்து."

இரண்டே நாளில் அந்தப் பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்விட்டது.

அந்தச் சமயம் வேலம்மாள் தன் அம்மாவைப் பார்க்கக் கூமாப்பட்டிக்குப் போயிருந்தாள். திரும்ப ஒரு மாதம் ஆனது. நான் அவை இட்ட முதல் ஈட்டு முட்டைகளைத் தோப்பிலேயே அடை வைத்தேன். பொரித்த குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. பின்புறத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் இறுகி அடைத்துக்கொண்டது. முக்கும்போது கீச்சென்று கத்தின. ஐந்தே நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் புதைத்தேன்.

பயம் பிடித்துக்கொண்டது. செத்த குஞ்சு ஒன்றையும், பிழைத்தவற்றில் மூன்று பெட்டைகளையும் கூடையில் வைத்து மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே! ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அங்கும் தெரு சுற்றித்தான் உள்ளே நுழைந்தேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பெட்டையின் இறக்கையில் குத்தி, வெள்ளைப் பீங்கான் ஓட்டுத் துண்டின்மேல் ஒரு சொட்டு ரத்தம் வைத்தார். ஊதா நிறத்தில் ஒரு மருந்தை அதில் விட்டுக் கலக்கினார். சற்று நேரத்தில் அது பால் திரிவது போல் திரிந்து, பொடிப்பொடியாகப் பிரிந்தது. மூன்று கோழிக்கும் அப்படித்தான்.

பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டு ஒன்றை அறுத்துத் திறந்து காட்டினார். முட்டைப்பையில் மஞ்சள் மஞ்சளாய் உருண்டு திரண்டிருக்க வேண்டிய கருக்கள் சுருங்கி, கோணிப்போய், பச்சை ஏறி, நூல் நூலாய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கத்தி முனையால் கீறினார். உள்ளேயிருந்து கெட்டுப்போன தயிர் மாதிரி ஏதோ வந்தது. நான் வெளியே ஓடிப்போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இது கோழிக்கு வர்ற டைபாய்டுங்க. இதுங்க பிழைச்ச கோழி இல்ல, கிருமியைச் சுமந்துக்கிட்டுத் திரியிற கோழி. பார்க்க நல்லாத்தான் இருக்கும். கிருமி முட்டைக்குள்ள போகும். குஞ்சு பொறக்கும்போதே சீக்கோட பொறக்கும். அது எச்சத்துல மத்த கோழிக்கும் பரவும்."

"இப்ப மருந்து குடுத்தா சரியாகுங்களா?"

"ஆரம்பத்துல வந்திருந்தா சாவைக் குறைச்சிருக்கலாம். இப்ப குடுத்தாலும் கிருமி முழுசாப் போகாது. மிச்சத்தையும் கொன்னு, சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைச்சிருங்க. ஒரு முட்டைகூட அடைக்குப் போகக் கூடாது. யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

அன்றைக்கு அது உண்மை.

வீட்டுக்கு வந்தேன். கத்தியை எடுத்தேனா? இல்லை! நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். டீக்கடையில் 'எப்படி இருக்கு பதினோரு சூரனும்?' என்று கேட்டார்கள். 'செழிப்பா இருக்குடே' என்றேன். கொன்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் என் வாய்ச்சவடால் முழுவதும் நாறிப்போகும். ஆனால் ஒன்று... அதற்குப் பிறகு என் தோப்பில் ஒரு முட்டையைக்கூட நான் அடை வைக்கவில்லை. குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்துவிட்டான் பாவம் என்று நீங்கள் எனக்காக இரங்கிவிடக் கூடாது.

இனி பேச்சியக்காவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்... கை எழுத மறுக்கிறது.

பேச்சியம்மாள் எனக்கு உறவு இல்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் தனியாக இருந்தார். பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவர் வேலை. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையை உருட்டிச் சீர் செய்து, வெந்நீர் ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்டி எடுத்துக் கொடுப்பார். வீறிட்டு அழுகிற குழந்தையும் அவர் கை பட்டால் அடங்கித் தூங்கிவிடும். என் மகள் மங்கையை முதல் மூன்று மாதமும் அவர்தான் குளிப்பாட்டினார். பேச்சியக்கா கை ராசியான கை என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் எத்தனையோ வீடுகளில் சொல்வார்கள். அந்தக் கையைத் தவிர அவருக்கு வேறு ஆதரவு எதுவும் இல்லை.

வைகாசியில் ஒரு காலைப்பொழுது அவர் ஓலைக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலம்மாள் ஊரிலிருந்து திரும்பியிருந்தாள்.

"முழங்கால் முன்ன மாதிரி நீட்ட வரமாட்டேங்கு தம்பி. இன்னும் எம்புட்டு நாளைக்கு உக்காந்து குளிப்பாட்ட முடியும்? நாலு கோழி பெருக்கி வச்சுக்கிட்டா எங்காலம் ஓடிரும். ஒன் கோழி முட்டைதான் வேணும்னு வந்தேன். ஊரே சொல்லுது, நோயைத் தாங்குன கோழின்னு."

"அக்காவுக்கு இல்லாததா?" என்று வேலம்மாள், முட்டைகளைப் புதைத்து வைத்திருந்த தவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். 'வேண்டாம்க்கா, இது சீக்கு முட்டை.' ஒரு வாக்கியம்! ஆறு வயதுப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். பானைக்கும் அவருக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். என் கை தானாகப் பானைக்குள் போயிற்று.

ஒவ்வொரு முட்டையாக எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஆமாம், நல்ல முட்டையாகப் பொறுக்குவது போல நடித்தேன்! அடைக்கு ஒற்றைப்படையில்தான் வைப்பது வழக்கம். பதினைந்து எண்ணி, உமி பரப்பி, அவர் கூடையில் அடுக்கினேன். அடுக்கியதோடு விட்டேனா? இந்த நாக்கு சும்மா இருக்குமா?

"அக்கா கை பட்டா கூழாங்கல்லுகூடக் குஞ்சாயிருமே!" என்றேன்.

அக்கா பூரித்துப் போனார். த்தூ!

ஏன் கொடுத்தேன்? எத்தனை முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன் தெரியுமா... எல்லா முட்டையிலும் கிருமி இருக்காது, பாதி தப்பிவிடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த டாக்டர் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். எல்லாம் பொய். 'இல்லை' என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். இத்தனை சின்னக் காரணத்துக்காகவா என்று நீங்கள் அருவருப்பது எனக்குப் புரிகிறது.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். கூடை இல்லை. இடுப்பில் ஒரு துணி முடிச்சு இருந்தது.

அன்றைக்கு வீட்டில் வேலம்மாளின் மதினியும் இருந்தாள். அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிதான், அக்காவின் சந்துக்கு அடுத்த தெரு. அக்கா முடிச்சை அவிழ்த்தார். உள்ளே செத்த குஞ்சு. அதே வெள்ளை அடைப்பு. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பதினஞ்சுல ஏழு பொரிச்சிச்சு தம்பி. மத்தது கூமுட்டை. ரெண்டு முட்டை அடையிலயே வெடிச்சு வீடே நாறிப் போச்சு. பொரிச்ச ஏழும் ஒண்ணொண்ணாப் போயிருச்சு. எங்கிட்ட இருந்த ரெண்டு கோழியும் போச்சு. இப்ப பக்கத்து வீட்டுக் கோழியும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கி. சந்துல எல்லாரும் ஏசுதாவ..." அக்காவின் குரல் உடைந்தது. "நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லு தம்பி. தீட்டுப் பட்ட எடத்துல வச்சிட்டனா? தண்ணி சரியா வைக்கலியா? ஒனக்குத்தான் கோழி சங்கதி தெரியும்."

பாருங்கள்... அவர் என்மேல் சந்தேகப்படவே இல்லை. முட்டையில் குறை இருக்குமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றத்தைத் தன்னிடம் தேடிக்கொண்டு, கண்டுபிடித்துக் கொடு என்று என்னிடம் வந்து நின்றார்.

மூன்று பெண்களும் என் முகத்தையே பார்த்தார்கள். மதினி மோவாயில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"முட்டையில குறை இல்லக்கா" என்றேன். "அதே ஈட்டு முட்டைதான் தோப்புலயும் அடை வச்சேன். ஒரு குஞ்சு சாகல."

"அப்ப..."

"பொறவு என்னத்தச் சொல்ல? கைன்னு ஒண்ணு இருக்குல்லாக்கா. அது சில நேரம் மாறிப்போகும்."

சொல்லிவிட்டேன். சாதாரணமாக, கொட்டாவி விடுவது போலச் சொன்னேன்.

பேச்சியக்கா இரண்டு கைகளையும் விரித்து வைத்துக் குனிந்து பார்த்தார். யாரோ தன்னிடம் கொடுத்துவைத்த பொருளைத் தொலைத்துவிட்டவர் போலப் பார்த்தார். பிறகு குஞ்சை மறுபடி முடிந்துகொண்டு, "வாரேன் தம்பி" என்று கிளம்பினார். வேலம்மாள் காப்பி குடிக்கச் சொன்னாள். அவர் நிற்கவில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும் மதினி ஆரம்பித்தாள்: "அடியாத்தே! அடுத்த வாரம் எம் மவ வீட்டுல பிள்ளை பொறக்கப் போகுது. இந்தக் கைட்டயா குடுக்கச் சொன்னேன்?"

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்த ஒரு வார்த்தை ஊரெல்லாம் நடந்தது. மதினி ஒரு வீட்டில் சொன்னாள். சந்தில் கோழியைப் பறிகொடுத்தவர்கள் மற்ற வீடுகளில் சொன்னார்கள். யாரும் அவர் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. 'குழந்தைக்குச் சளிக்கா, ரெண்டு நாளு கழிச்சுச் சொல்லி விடுதேன்' என்பார்கள். அந்த இரண்டு நாள் வரவே வராது. ஆடிக்குள் அவரைக் கூப்பிட ஒரு வீடும் இல்லாமல் போயிற்று. இதெல்லாம் வேலம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'ஐயோ பாவம்' என்று நானும் உச்சுக் கொட்டினேன்! அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் கேட்கிறது.

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாளைப் பார்க்கக் கூட்டத்தோடு கூட்டமாய்ப் படியேறினேன். மேலே சன்னதிக்கு வெளியே பெண்கள் சிலர் வட்டமாக நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன்.

பேச்சியக்கா! வலது உள்ளங்கையில் சூடத்தை வைத்து ஏற்றியிருந்தார். கண்கள் மூடியிருந்தன. உதடு ஏதோ சொன்னது. சூடம் கரைந்து நெருப்பு உள்ளங்கையில் பரவியது. அவர் கையை உதறவில்லை. "கீழ போடுங்கம்மா, போடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டத்தில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கை சுத்தமாகணும்னு வேண்டுதலாம்."

தோல் கருகும் வாடை வந்தது. மாமரத்தடிக் குழியின் நாற்றத்தைவிட அது எனக்குக் கொடுமையாக இருந்தது.

இரண்டே எட்டில் போய் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். 'உங்க கையில ஒண்ணுமில்லக்கா, எல்லாம் நான் செஞ்சது' என்று கத்தியிருக்கலாம். பெருமாள் சன்னதி... அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சாமி கும்பிடாமலே படியிறங்கி ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் தோப்புக்குப் போய் மீதி பத்துக் கோழிகளையும் அறுத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு வீரம் வந்தது! டாக்டர் சொன்னபடி சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். மரநாய் அடித்துத் தின்றுவிட்டது என்று டீக்கடையில் சொன்னேன். எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். நல்ல வித்து போச்சே அண்ணே என்று ஒருவன் என் தோளைத் தட்டினான்.

அதற்குப் பிறகு நான் கோழி வளர்க்கவில்லை. முட்டையும் சாப்பிடுவதில்லை. அவித்த முட்டையின் மஞ்சளைச் சுற்றிச் சில நேரம் லேசாகப் பச்சை படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இலையை விட்டு எழுந்துவிடுவேன். 'எங்க வீட்டுக்காரருக்கு அசைவமே பிடிக்காது' என்று வேலம்மாள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

பதினோரு வருடம் ஓடியது. போன வருடம் மங்கைக்குப் பிரசவம். ராஜபாளையத்தில்தான். ஆண் குழந்தை. வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் நாள், குழந்தையைக் குளிப்பாட்ட யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. சம்பந்தியம்மாளும் கூட இருந்தார்.

"பேச்சி பெரியம்மாவக் கூப்பிடுங்க" என்றாள் மங்கை.

வேலம்மாள் பதறினாள். "அந்தக் கை வேண்டாம்ட்டி. சொன்னாக் கேளு."

"என்னையே அவியதான குளிப்பாட்டுனாவ? நான் செத்தா போயிட்டேன்?"

பெற்ற மகள் என் முகத்துக்கு நேராகக் கேட்ட மாதிரி இருந்தது. அவள் பிடிவாதக்காரி. ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினாள்.

மறுநாள் பத்து மணி வாக்கில் பேச்சியக்கா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசற்படிக்கு உள்ளே வந்து, சுவரோரமாக நின்றார். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார். மங்கை எழுந்து போய்க் குழந்தையை நீட்டினாள்.

அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாம் தாயி. நீ கூப்பிட்டியேன்னு மொகத்தப் பாக்கத்தான் வந்தேன். என் கை ஆவாது. ஒங்கப்பாவுக்குத் தெரியும், கேட்டுப் பாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மகள், மனைவி, சம்பந்தியம்மாள். மறுபடியும் மூன்று பெண்கள்! விதி எனக்கு அதே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்திருந்தது. வாயைத் திறந்தேன். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்... மாப்பிள்ளை காதுக்குப் போனால்... இந்த வயதில்...

தலையைக் குனிந்துகொண்டேன். அதையே 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் சம்பந்தியம்மாள்தான் காலை நீட்டி உட்கார்ந்தார். அவருக்குப் பழக்கம் இல்லை. குழந்தை வீறிட்டது. அக்கா சுவரோரம் நின்றபடியே வாயால் சொல்லிக் கொடுத்தார்: "தண்ணிய மொத மொழங்கையில ஊத்திப் பாருங்கம்மா... ஆங், கழுத்துக்கு ஒரு கை குடுங்க... மூக்கை மேலருந்து கீழ, மெல்ல, மெல்ல... அழுத்தாதீங்க..."

நான் அவருடைய முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்குள்ளே விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. நீவின. உருட்டின. இல்லாத குழந்தை ஒன்றை அவர் உள்ளுக்குள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

குளிப்பாட்டி முடித்துத் துணியில் சுற்றினார்கள். யார் கையில் முதலில் கொடுப்பது என்று சம்பந்தியம்மாள் கேட்டார்.

"தம்பி கையில குடுங்கம்மா" என்றார் பேச்சியக்கா. "அவிய கை ராசியான கை."

அவர் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மனதாரச் சொன்னார். கும்பிடுவதற்காக முந்தானையிலிருந்து கையை எடுத்தபோது வலது உள்ளங்கையில் அந்தத் தழும்பு தெரிந்தது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் சுருங்கிப் பளபளத்தது.

நான் கையை நீட்டினேன். பதினைந்து முட்டைகளைப் பொறுக்கி அடுக்கிய அதே கையில் என் பேரனை வாங்கிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்!

அதற்குப் பிறகு இரண்டு முறை அவரிடம் சொல்லிவிடுவது என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். முதல் முறை சந்து முனைவரை போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து யார் வீட்டுக்கோ பூ கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை பஸ் ஸ்டாண்டையே தாண்டவில்லை. இரண்டு முறையும் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் எல்லோரும் ஆசையாகச் சாப்பிட்டார்கள்.

இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்வது சுலபம்; உங்கள் உள்ளங்கையில் தழும்பு இல்லை. நான் இன்னும் அதே கோழைதான் என்பதற்கு இந்தக் காகிதமே சாட்சி. என்னை மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, அதனால் அதைக் கேட்கவும் மாட்டேன்.

பேரன் நடக்கப் பழகுகிறான். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறான். அவன் கை நீட்டும்போதெல்லாம், "இருய்யா, செத்த நேரம் இரு" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வருகிறேன். வேலம்மாள் நான் சுத்தக்காரன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.